டயப்பர் புண்ணும் நான் செய்த தவறும்

என் மகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது டயப்பர் படும் இடமெல்லாம் சிவந்துபோனது. துடைத்தாலே வீல் என்று அழுவாள். துத்தநாக ஆக்ஸைடு கலந்த களிம்பு வீட்டில் இருந்தது. போட்டும் நான்கு நாளாகக் குறையவில்லை. களிம்பு சரியில்லை என்றே நினைத்தேன்.

தவறு என் கையில்தான் இருந்தது. முகத்துக்குக் கிரீம் தடவுவதுபோல மெல்லிசாகத் தேய்த்துவிட்டேன். இது தோலுக்குள் போய் வேலை செய்யும் மருந்து இல்லை. ஈரமும் மலமும் தோலைத் தொடாமல் நிற்கும் சுவர். அதனால் தோலே தெரியாத அளவுக்குக் கனமாக அப்ப வேண்டும்.

இன்னொன்று, ஈரத்தோடு பூசியது. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல ஆகிவிட்டது. பிறகு வெதுவெதுப்பான நீரில் கழுவி, துணியால் ஒற்றி, பத்து நிமிடம் டயப்பர் இல்லாமல் விட்டேன். (அந்தப் பத்து நிமிடத்தில் பாய் நனைந்தது தனிக்கதை.) அதற்குப் பிறகுதான் களிம்பு. அடுத்த முறை மாற்றும்போது பழைய களிம்பை முழுக்கச் சுரண்டி எடுக்கவில்லை. அழுக்கான மேல்பகுதியை மட்டும் துடைத்து, அதன்மேலேயே இன்னொரு பூச்சு. வாசனை போட்ட ஈரத்துடைப்பான்களை நிறுத்தினேன். பவுடர் பக்கமே போகவில்லை, குழந்தை மூச்சில் இழுத்துவிடும்.

மூன்றாம் நாள் சிவப்பு வெளிறியது. தொடை மடிப்புக்குள் அடர்சிவப்பும், சுற்றிலும் சிறுசிறு புள்ளிகளும் வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு இந்தக் களிம்பு மட்டும் போதாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.