தமிழில் பெரிய தலைப்புக்கு பாலூ தம்பி

கடைப் பலகை, பிறந்தநாள் அழைப்பிதழ், யூடியூப் தம்ப்நெயில் என்று எதற்காவது தடித்த, அதே சமயம் மிரட்டாத தமிழ் ஃபாண்ட் தேடுகிறீர்களா? பாலூ தம்பி 2-ஐப் போட்டுப் பாருங்கள். மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கியது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கோடுகள் கனமாக இருந்தாலும் முனைகள் உருண்டிருப்பதால் எழுத்து சிரித்த முகத்தோடு இருக்கும். ஆங்கில எழுத்தும் அதே சாயலில் இருப்பதால், இரண்டு மொழிப் பலகைக்கு வேறு ஃபாண்ட் தேட வேண்டாம்.

எடை, அதாவது எழுத்தின் தடிமன், 400 முதல் 800 வரை உண்டு. தலைப்புக்கு 800 அருமை. ஆனால் அதையே விசிட்டிங் கார்டு முகவரிக்குப் போட்டால் ண, ஞ, இ போன்றவற்றின் சுழி அடைத்துக்கொள்ளும். சிறிய எழுத்துக்கு 500 போதும். நீண்ட பத்திக்கு அதே குழுவின் முக்த மலர் இன்னும் நல்லது.

வரி இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். மேல் வரியின் 'மு', 'று' கீழே இறங்கும், கீழ் வரியின் 'கி', 'மீ' மேலே ஏறும். இரண்டும் மோதினால் அழகே கெட்டுவிடும்.

அப்புறம், இது யூனிகோட் ஃபாண்ட். யூனிகோட் அல்லாத பழைய ஃபாண்டான பாமினியில் அடித்த ஃபைலில் ஃபாண்டை மட்டும் அப்படியே மாற்றினால் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். முதலில் உள்ளே இருக்கும் எழுத்தை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, பிறகு ஃபாண்டை மாற்றுங்கள்.