பேஸ் கிட்டாரின் இரைச்சல் அடங்கிய கதை

எங்கள் நாலு பேருக்குள் ஒரு பழைய ஜாஸ் பேஸ் வகைக் கிட்டார் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) மாற்றுவார், இன்னொருவர் பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் உலோகப் பாகம்) மாற்றுவார். போன மாதம் அது என்னிடம் வந்தது. ஆம்ப்பில் சொருகியதும் ஒரே இரைச்சல்.

இதில் சிங்கிள் காயில், அதாவது ஒற்றைக் கம்பிச்சுருள் பிக்கப் இரண்டு. இரண்டின் வால்யூமையும் முழுதாக வைத்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிட வேண்டும். வைத்துப் பார்த்தேன். குறைந்தது, போகவில்லை. தந்தியைத் தொட்டாலும் மாற்றமில்லை. கேபிள் சொருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டதும் சட்டென்று அடங்கியது. ஜாக்கின் உலோகம் எர்த்தோடு சேர்ந்தது; தந்திகளும் பிரிட்ஜ் வழியாக அதோடு சேர்ந்திருக்க வேண்டும். சரி, தந்திகளுக்கு எர்த் போகவில்லை என்று புரிந்தது.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பிரிட்ஜிலும் இன்னொன்றை ஜாக்கின் வெளி உலோகத்திலும் வைத்தேன். இணைப்பு இருந்தால் வர வேண்டிய பீப் வரவில்லை. தந்திகளைத் தளர்த்தி, திருகுகளைக் கழற்றி பிரிட்ஜைத் தூக்கினால், எர்த் வயரின் முனை முறிந்து துளைக்குள் கிடக்கிறது. அந்த பிரிட்ஜை மாட்டிய புண்ணியவான் நானேதான்.

வயரை வெளியே இழுத்து, 1 செ.மீ. அளவு உறையை உரித்து, இழைகளை விசிறி மாதிரி விரித்து, பிரிட்ஜை மேலே வைத்துத் திருகுகளை முறுக்கினேன். அங்கே சால்டர் தேவையில்லை, அழுத்தமே போதும். பீப்!

ஒரு பிக்கப்பை மட்டும் வைத்தால் 50 ஹெர்ட்ஸ் முனகல் லேசாக இன்னும் இருக்கிறது. அது சிங்கிள் காயிலின் பிறவிக் குணம், செப்பு டேப் ஒட்டினாலும் முழுதாகப் போகாது. கிட்டார் இப்போது அடுத்த ஆள் வீட்டில்.