பச்சைக் கறியும் எலும்பும்: நாய்க்குட்டிக்குக் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் புதிதாக நாய் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் ஆண்டுதோறும் அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்து இதை எழுதுகிறேன். கெட்டுப்போன கறியைப் போடக்கூடாது என்பது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தனிக்கறி மட்டும் கொடுப்பது

எலும்பு தொண்டையில் சிக்கும் என்று பயந்து, குட்டிக்கு வெறும் தனிக்கறியைப் போட்டு வளர்ப்பவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. சதையில் கால்சியத்தைப் போலப் பதினைந்து, இருபது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது; வளரும் குட்டிக்கோ பாஸ்பரஸை விடக் கால்சியம் சற்றுக் கூடுதலாக வேண்டும். இரத்தத்தில் கால்சியம் குறையும்போது பாராதைராய்டு சுரப்பி அதை எலும்பிலிருந்தே எடுத்து ஈடுகட்டுவதால், குட்டி பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்க, உள்ளே எலும்பு மெலிந்துகொண்டே போகும்.

பக்கத்து எஸ்டேட்டில் நான்கு மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி ஒன்றுக்கு முன்னங்கால்கள் வளைந்தன. படி இறங்க மறுத்தது, முதுகில் கை வைத்தால் கத்தியது. "இந்த மஞ்சுல வெயிலே இல்லீங்க, அதான் கால் வளையுது" என்று சொல்லி, வீட்டுக்காரர் வாரக்கணக்கில் அதை வெயிலில் கட்டிவைத்தார். நம் தோலைப் போல நாயின் தோல் வெயிலைக் கொண்டு போதிய வைட்டமின் டி உண்டாக்காது. அது உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். எக்ஸ்ரே எடுத்தபோது எலும்புக்கும் சதைக்கும் வேறுபாடே சரியாகத் தெரியவில்லை. எங்கும் விழாமலேயே பின்தொடை எலும்பு பச்சைக் குச்சியைப் போலப் பாதி முறிந்திருந்தது. அதன்பிறகும் அவர் கால்சியம் சிரப்பைக் கைபோன போக்கில் ஊற்றினார். பெரிய இனக் குட்டிகளின் குடலால் மிகுதியான கால்சியத்தைத் தடுக்க இயலாது; அதுவும் எலும்பைக் கெடுக்கும்.

தின்னக்கூடிய எலும்பு மொத்த உணவில் பத்தில் ஒரு பங்கு என்பது பரவலான கணக்கு. கோழிக் கழுத்தையும் முதுகுக்கூட்டையும் சிறு குட்டிக்கு நன்றாகக் கொத்திக் கொடுக்கலாம். பெரிய இனமானால் கால்நடை மருத்துவரிடம் அளவைச் சரிபார்த்துக்கொள்வது கட்டாயம்.

வெந்த எலும்பு

பிரியாணி எலும்பு உட்பட எதுவும் கூடாது. சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

மாட்டின் தொடை எலும்பு

பல் பிளக்கும்.

பச்சைப் பன்றிக்கறி

வேண்டாம்.

கடையில் ஒதுக்கும் ஈரலும் நுரையீரலும்

ஆடு, மாட்டின் இவ்வுறுப்புகளில் நாடாப்புழுவின் இளம்பருவம் அடங்கிய நீர்க்கட்டிகள் இருக்கலாம். அவற்றைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டைகள் மலத்தின் வழியாக வீட்டுக் குழந்தைகளை வந்தடைந்தால், அவர்களின் கல்லீரலில் கட்டி உருவாகும். ஆகவே இவற்றை வேகவைத்தே கொடுக்க வேண்டும். ஈரல் மட்டும் உணவில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் வைட்டமின் ஏ மிகுந்துவிடும்.

ஃப்ரீசரை நம்புவது

உறையவைத்தால், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா என்ற கிருமி சாகாது. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போய், உருகிய கறி மறுபடி உறைந்தால் அதைக் குப்பையில்தான் போட வேண்டும். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் பலரும் தூக்கில் கறி வாங்குகிறார்கள். அந்தத் தூக்கைப் பாலுக்கு எடுக்காமல் நாய்க்கென்றே தனியாக வைத்துக்கொள்ளவும்.