ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது டயர்: காசு போட்டும் கிரிப் கிடைக்காமல் போவது எதனால்?

கொங்குப் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான் போர்டிகோவை விட்டு வெளியே வருகிறது. அதனால் அதன் டயர் தேய்ந்து முடிவதற்குள் வயதாகிவிடுகிறது, அல்லது தப்பான காத்திலும் தப்பான அலைன்மென்டிலும் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) கெட்டுப்போகிறது. வாங்கும்போது மட்டும் எந்த பிராண்டு என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படித்தாலே பாதித் தவறு நடக்காது.

முதலில் தேதி. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரமும் வருடமும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பெரிய சைஸ் பெர்ஃபார்மன்ஸ் டயர்கள் வேகமாக விற்பவை அல்ல; குடோனில் தங்கிவிடும். “ஓடவே இல்லீங்க, புதுசுதானுங்க” என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மூன்று வருடம் கிடந்த டயரை முழு விலைக்கு வாங்கினால், உங்களிடம் ஓட வேண்டிய மூன்று வருடம் ஏற்கனவே போய்விட்டது. நான்கிலும் தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்குள் உள்ளதைக் கேளுங்கள். ஐந்து வருடம் தாண்டிய டயரில் பட்டன் (ரோட்டில் படும் பள்ளம்-மேடு) எவ்வளவு ஆழம் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். வருடம் ஒருமுறை கழற்றி உள்பக்கமும் பார்க்க வேண்டும்.

அடுத்தது, அழகுக்காகப் பெரிய ரிம் போடுவது. 225/45 ஆர்17 (அகலம் மி.மீ.யில், பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் அங்குலத்தில்) இருந்த இடத்தில் 225/35 ஆர்19 போட்டால் மொத்த விட்டம் 634 மி.மீ.யிலிருந்து 640 மி.மீ.தான் ஆகிறது, ஸ்பீடோமீட்டருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. சிக்கல் வேறு இடத்தில். பக்கச்சுவர் 101 மி.மீ.யிலிருந்து 79 மி.மீ.க்குக் குறைகிறது. டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோடு இண்டெக்ஸும் 91இலிருந்து (615 கிலோ) 88க்கு (560 கிலோ) இறங்கக்கூடும். நான்கு டயருக்கும் சேர்த்து 220 கிலோ தாங்குதிறன் போய்விட்டது. வெள்ளைக் கோடு அழிந்த ஊர் வேகத்தடையிலும் ஓரம் உடைந்த பள்ளத்திலும் இந்த மெல்லிய பக்கச்சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, உள்ளிருக்கும் நூலிழை அறுந்து, வெளியே கட்டி போல் புடைக்கும். அதற்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் இல்லை. அந்த டயரை அன்றே மாற்ற வேண்டும்.

ரேஸ் டயர் ஆசையும் இங்கே உண்டு. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கென்று செய்த அரை ஸ்லிக் டயரை அன்றாடம் மாட்டிக்கொள்வது தவறு. அதில் தண்ணீரை வெளியேற்றும் பள்ளம் குறைவு, சூடேறினால்தான் கிரிப். ஐப்பசி மழையில் அவிநாசி ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது அகலமான டயர் சீக்கிரமே தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங் திருப்பினாலும் கார் கேட்காது. பக்கவாட்டில் உள்ள தேய்மான எண் (எண் கூடினால் மெதுவாகத் தேயும்) 200 அளவில் உள்ளவை டிராக்கை நோக்கிச் செய்தவை. ரோட்டுக்கான மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்றவை 300. அந்த எண்ணை அந்தந்த நிறுவனமே தருவதால் இரண்டு பிராண்டுகளுக்கு இடையே துல்லியமாக ஒப்பிட முடியாது. போக்கைக் காட்டும், அவ்வளவுதான்.

இரண்டு மட்டும் மாற்றுவதாக இருந்தால், முன்னும் பின்னும் ஒரே சைஸ் உள்ள காரில் புதியவை பின்னால் போக வேண்டும், முன்வீல் டிரைவ் ஆனாலும். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் காரைத் திருப்பிப் பிடிப்பது மிகக் கடினம். நான்கு சக்கர டிரைவ் என்றால் நான்கையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

காத்து விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பக்கச்சுவரில் இருப்பது அதிகபட்ச அளவு, அடிக்க வேண்டிய அளவு அல்ல. அடிக்க வேண்டியது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அதுவும் டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய எண். சுமார் 5-6 டிகிரி சூடு கூடினால் 1 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) ஏறும். காலையில் 33 வைத்து, மத்தியானம் கரூர் பரமத்தி வெயிலில் பைபாஸ் ஓட்டி வந்தால் 38 காட்டும். பயந்து 33க்கு இறக்கிவிட்டால் மறுநாள் காலை 28தான் இருக்கும். குறைந்த காத்தில் பக்கச்சுவர் அதிகமாக வளையும், வளைவே சூடாகும், அந்தச் சூடுதான் டயரை வெடிக்க வைக்கிறது. சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலையில் பாருங்கள்.

ஊட்டி ஏறுபவர்களுக்கு ஒன்று: மேலே குளிரில் காத்து குறையும், ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் கேஜ் கூடுதலாகக் காட்டும். இரண்டும் ஏறக்குறைய சமனாகிவிடும். மேலே போய்த் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

மாட்டும் இடத்தில் ‘அவுட்சைட்’ எழுத்து வெளியே தெரிகிறதா, சுழற்சி அம்புக்குறி முன்னோக்கி உள்ளதா என்று நின்று பாருங்கள். அலைன்மென்டைப் புது டயருடன் அன்றே செய்யுங்கள். ஸ்போர்ட்ஸ் காரில் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது) இருப்பதால் டயரின் உள்விளிம்புதான் முதலில் தேயும். நின்று பார்த்தால் பட்டன் நன்றாகவே தெரியும், உள்ளே கம்பி எட்டிப் பார்க்கும். டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) சரியில்லாவிட்டால் இன்னும் வேகமாகத் தேயும். பட்டன் ஆழத்தை அளவுமானியால் உள், நடு, வெளி என மூன்று இடத்தில் அளவெடுங்கள். சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ.; மழைக்காலத்துக்கு 3 மி.மீ.க்குக் கீழே போக விடாதீர்கள்.

முதல் 300 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழுவழுப்பு மேற்பரப்பில் இருக்கும். புது டயரோடு நேராகத் திம்பம் 27 வளைவுக்குப் போவது ஆபத்து. பளபளப்புக்கு அடிக்கும் பாலிஷ் பட்டன் பக்கம் படக்கூடாது.

வீல் போல்ட்டை ஏர் கன்னால் கடைசிவரை இறுக்க விடாதீர்கள். ரிம் துளை கெடும், போல்ட் மரையும் போகும். கையேட்டில் உள்ள அளவுக்கு (பல கார்களில் 120 முதல் 160 நியூட்டன் மீட்டர்) டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்கச் சொல்லி, 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபாருங்கள்.