அசையாமல் நிற்கும் புள்ளி: சிறு விமானத்தில் பிளைண்ட் ஸ்பாட்டை (விமானிக்குத் தெரியாத மறைவுகளை) சமாளிப்பது எப்படி?

முன்னால் அவ்வளவு பெரிய கண்ணாடி, சுற்றிலும் காலி வானம். எதிரே இன்னொரு விமானம் வந்தால் தெரியாமலா போய்விடும்? பயிற்சிக்குச் சேரும் பலரும், சிமுலேட்டரில் பறந்து பழகியவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். தெரியாமல் போகும், அதுவும் நல்ல வெயிலில். முதல் சோலோவுக்கு, அதாவது பயிற்சியாளர் இல்லாமல் தனியாகப் பறப்பதற்கு, தயாராகிறவர்களை மனதில் வைத்து, என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: தரையிலேயே மறைவுகளைக் கண்டுபிடியுங்கள்

எஞ்சின் அணைந்திருக்கும்போது விமானி இருக்கையில் உட்காருங்கள். இருக்கையை நீங்கள் பறக்கும் உயரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அங்குலம் மாறினாலும் மறைவு மாறிவிடும். பக்கத்து இருக்கையில் ஒருவரை உட்கார வையுங்கள். அப்புறம் இன்னொரு நண்பரை விமானத்தைச் சுற்றி மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே காணாமல் போகிறார், எங்கே மறுபடி தென்படுகிறார் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

முன் கண்ணாடியின் ஓரத் தூண்தான் முதல் எதிரி. மனிதரின் இரு கண்களுக்கும் நடுவே 6 முதல் 7 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. தூண் அதைவிட மெலிதாக இருந்தால், தூரத்தில் உள்ள பொருள் ஒரு கண்ணுக்கு மறைந்தாலும் மற்றதற்குத் தெரியும். அகலமாக இருந்தால் இரண்டுக்கும் தெரியாது. வலப் பக்கம் தூணோடு பக்கத்து ஆளின் தலையும் சேர்ந்துகொள்ளும்.

இறக்கை எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. செஸ்னா 172 போன்றவற்றில் இறக்கை தலைக்கு மேல். கீழே நன்றாகத் தெரியும், மேலே தெரியாது. அதைவிட மோசம், இடப் பக்கம் திரும்பினால் இடது இறக்கை தாழ்ந்து, எந்தத் திசைக்குப் போகிறீர்களோ அந்தத் திசையையே மறைக்கும். பைப்பர் செரோக்கி போன்ற தாழ் இறக்கை விமானத்தில் கதை தலைகீழ்: மேலே திறந்திருக்கும், கீழே ஒன்றும் தெரியாது.

படி 2: எந்தப் புள்ளிக்குப் பயப்பட வேண்டும்?

மொத்தப் பதிவிலும் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். இரண்டு விமானங்களும் நேர்கோட்டில், மாறாத வேகத்தில் வந்து மோதப்போகின்றன என்றால், எதிர் விமானம் உங்கள் கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். இடமோ வலமோ நகர்ந்து போகிற புள்ளி பெரும்பாலும் விலகிப் போய்விடும். நம் கண்ணோ அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். அதனால் ஆபத்தில்லாதது கண்ணை இழுக்கிறது. ஆபத்தானது கண்ணாடியில் ஒட்டிய பூச்சிக் கறை மாதிரி சும்மா நிற்கிறது.

இப்போது படி 1-ஐ இதோடு சேர்த்துப் பாருங்கள். அசையாத அந்தப் புள்ளி தூணுக்குப் பின்னால் இருந்துவிட்டால், மோதும் வரை தூணுக்குப் பின்னாலேயே இருக்கலாம்.

2019 மே 13 அன்று அலாஸ்காவின் கெட்சிகன் அருகே, கப்பல் பயணிகளைச் சுற்றிக்காட்டப் போன இரண்டு கடல் விமானங்கள், பீவர் ரகத்தில் ஒன்றும் ஓட்டர் ரகத்தில் ஒன்றும், சுமார் 3,350 அடி உயரத்தில் மோதின. 6 பேர் இறந்தார்கள். பகல் நேரம், பார்வைத் தூரத்துக்கும் குறைவில்லை. விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒவ்வொரு விமானியின் இருக்கையிலிருந்தும் என்ன தெரிந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தது. ஒருவருக்குக் கண்ணாடித் தூண் மறைத்திருந்தது. இன்னொருவருக்கு விமானத்தின் சட்டகமும் இறக்கையும் பக்கத்துப் பயணியும் மறைத்திருந்தன.

எவ்வளவு நேரம் கிடைக்கும்? அமெரிக்க விமானத் துறையின் வழிகாட்டி, கண்ணில் பட்டதிலிருந்து விமானம் விலகத் தொடங்கும் வரை 12.5 விநாடி ஆகும் என்கிறது. அதில் 5 விநாடி ‘இது நம் மேல்தான் வருகிறது’ என்று உணர்வதற்கு, 4 விநாடி முடிவெடுப்பதற்கு. ஆளுக்கு 110 நாட் (மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்) வேகத்தில் நேருக்கு நேர் வந்தால் அந்த நேரத்தில் இடைவெளி 1.4 கிலோமீட்டர் குறைந்துவிடும். அத்தனை தூரத்தில் 11 மீட்டர் இறக்கை, கையை நீட்டிப் பார்க்கும்போது தெரியும் கட்டைவிரல் அகலத்தில் கால்வாசிதான். முழுக் கட்டைவிரல் அளவுக்கு வளரும்போது மிச்சம் இருப்பது சுமார் 3 விநாடி.

படி 3: வானத்தைத் துண்டு துண்டாகப் பாருங்கள்

கண்ணை இடமிருந்து வலமாக வழவழவென்று ஓட்டினால் எதுவும் பதியாது. கூர்மையாகத் தெரிவது பார்வையின் நடுவில் சுமார் 2 டிகிரிதான். எனவே 10 டிகிரிக்கு ஒரு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு விநாடியாவது கண்ணை நிறுத்திப் பாருங்கள். வெறும் நீல வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகக் கிட்டத்துக் குவியத்துக்கு வந்துவிடும். அவ்வப்போது தூரத்து மலையையோ மேக விளிம்பையோ பார்த்துச் சரிசெய்யுங்கள்.

முன்பக்கம் 180 டிகிரியை இப்படிப் பார்த்து முடிக்கவே 18 விநாடி ஆகும். மேலே சொன்ன 12.5-ஐ விட அதிகம், கவனித்தீர்களா? கண் மட்டும் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். அதற்காகப் பார்க்காமல் விட முடியாது.

படி 4: தலையை அசையுங்கள், விமானத்தையும் அசையுங்கள்

தூணுக்குப் பின்னால் பார்க்க எளிய வழி, முன்னும் பின்னும் குனிந்து நிமிர்ந்து பார்ப்பதுதான். கண்ணாடியில் இருப்பது கறையா விமானமா என்ற சந்தேகமும் அதே அசைவில் தீர்ந்துவிடும். கறை வெளிக்காட்சியை விட்டு நகர்ந்துவிடும்.

உயர் இறக்கை விமானத்தில் இடப் பக்கம் திரும்பும் முன் இடது இறக்கையைக் கொஞ்சம் தூக்கி, அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். மேலேறும்போது மூக்கு முன்பக்கத்தை மறைக்கும். ஒரே நேராக ஏறாமல் இடமும் வலமும் லேசாக வளைந்து ஏறுங்கள். ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) பயிற்சி போன்றவற்றுக்கு முன் 90 டிகிரி திருப்பம் இரண்டு போட்டுச் சுற்றிலும் பார்த்துவிடுங்கள். சோம்பல்பட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

படி 5: ஓடுபாதை அருகே இரட்டிப்புக் கவனம்

எல்லா விமானங்களும் ஒரே கோட்டில், ஒரே உயரத்துக்கு வந்து சேரும் இடம் அது. தரையிறங்கும் கடைசி நேர்ப்பாதையில் மேலே தாழ் இறக்கை விமானமும் அதன் கீழே உயர் இறக்கை விமானமும் வந்தால், இருவரும் அடுத்தவரின் மறைவில் சரியாக உட்கார்ந்திருப்பார்கள். எனவே நேர்ப்பாதைக்குத் திரும்பும் முன்பே அதன் முழு நீளத்தையும், மேலும் கீழும் சேர்த்து, பாருங்கள். கட்டுப்பாட்டு கோபுரம் இல்லாத தளத்தில் எங்கே இருக்கிறீர்கள், எந்த உயரம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே வாருங்கள். மற்றவர் பேசுவார் என்று நம்பாதீர்கள். ரேடியோவே இல்லாமல் வரும் விமானமும் உண்டு. லேண்டிங் லைட்டைப் பகலிலும் போட்டு வையுங்கள்.

படி 6: பார்த்துவிட்டால்?

நேருக்கு நேர் என்றால் இருவரும் வலப் பக்கம் விலக வேண்டும். பாதைகள் குறுக்கே சேர்ந்தால், எதிர் விமானம் யாருக்கு வலப் பக்கம் தெரிகிறதோ அவர் வழிவிட வேண்டும். முந்துகிறவர் வலப் பக்கமாகப் போக வேண்டும். வழிவிட வேண்டியது அவர்தானே என்று காத்திருக்காதீர்கள், அவர் உங்களைப் பார்க்கவே இல்லாமலும் இருக்கலாம். விலகும்போதும் அந்த விமானத்தை இறக்கைக்குப் பின்னால் தொலைத்துவிடாதீர்கள்.

படி 7: திரையை நம்புங்கள், ஆனால் சோதித்துவிட்டு

சுற்றியுள்ள விமானங்களைத் திரையில் காட்டும் ஏடிஎஸ்-பி, தூணுக்குப் பின்னால் இருப்பதையும் காட்டும். அமெரிக்காவில் கட்டுப்பாட்டு வான்வெளியின் பெரும்பகுதியில் 2020 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். ஆனால் கெட்சிகனில் மோதிய இரண்டிலும் ஏடிஎஸ்-பி இருந்தது! ஓட்டரின் திரையில் எச்சரிக்கை ஒலி எழுப்பும் வசதி இல்லை. அதன் கருவி ஒன்று அணைந்திருந்ததால் அதன் உயரமும் வெளியே போகவில்லை. உயரம் தெரியாததால் பீவரின் கருவியும் எச்சரிக்கவில்லை. ஆகவே புறப்படும் முன் சரிபார்க்கும் பட்டியலில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: என் விமானத்தின் உயரம் வெளியே போகிறதா? என் திரை ஆபத்து வந்தால் கத்துமா, வெறுமனே படம் காட்டுமா? பதில் தெரியவில்லை என்றால் டாக்ஸி (தரையில் விமானத்தை ஓட்டிச் செல்வது) தொடங்கும் முன் பயிற்சியாளரிடம் கேட்டுவிடுங்கள்.