இங்கிலாந்தில் 30 மணிநேர இலவசப் பராமரிப்பு: நர்சரி பில்லைச் சரிபார்ப்பது எப்படி?

வேலைக்குப் போகும் பெற்றோருக்கான "வாரம் 30 மணிநேரம்" 38 வாரங்களுக்கு மட்டும்தான்; ஆண்டுக்கு 1,140 மணி. நர்சரி அதை 51 வாரங்களுக்குப் பரப்பினால் வாரம் சுமார் 22.35 மணிதான் கழியும். எந்தக் கணக்கு என்று முதலில் கேளுங்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்.

பில்லில் இலவச மணி, கூடுதல் மணி, சாப்பாடு, டயப்பர் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். இலவச மணிக்கு 'டாப்-அப்' (மேல்தொகை) வாங்கக் கூடாது. சாப்பாட்டுக் கட்டணத்தையும் கட்டாயமாக்க முடியாது. வீட்டுச் சாப்பாடு கொடுத்தனுப்பலாமா என்று கேளுங்கள்.

தகுதிக் குறியீட்டை (இந்த 30 மணிக்குத் தகுதி உண்டு என்று அரசு தரும் எண்) ஆகஸ்ட் 31, டிசம்பர் 31, மார்ச் 31 என்ற கெடுவுக்குள் வாங்குங்கள். ஒரு நாள் தவறினாலும் பொதுவாக அடுத்த டேர்ம் முழுக்க இந்த 30 மணி கிடைக்காது. பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்துங்கள்.