எரிபொருள் பம்ப் போடும் சத்தம்: பாய்மரப் படகு டீசல் இன்ஜினில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது

பாய்மரப் படகுகளில் பரவலாக இருக்கும் யுனிவர்சல் எம்-25, எம்-25எக்ஸ்பி போன்ற சிறிய டீசல் இன்ஜின்களில் டேங்கிலிருந்து டீசல் எண்ணெயை இழுத்துக் கொடுப்பது ஒரு சின்ன மின்சார பம்ப். பெரும்பாலும் ஃபேசட் நிறுவனத்தின் சதுர வடிவ பம்ப். சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்று தட்டும். அந்தத் தட்டல் வேகமானாலோ, கடகடவென்று இரைந்தாலோ, பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டி உடனே புதியது வாங்குபவர்கள் அதிகம். அது பெரும்பாலும் வீண் செலவு. எண்ணெய்ப் பாதையில் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது எங்கோ அடைப்பு இருக்கிறது. பம்ப் அதைச் சத்தமாகச் சொல்கிறது, அவ்வளவுதான்.

தட்டல் எப்படி உண்டாகிறது

பம்புக்குள் ஒரு காயில் (கம்பிச்சுருள்), ஒரு பிளஞ்சர் (முன்னும் பின்னும் நகரும் தண்டு), ஒரு ஸ்பிரிங், சின்னச் சின்ன ஒருவழி வால்வுகள். காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் பிளஞ்சர் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு ஒரு பக்கம் போகும். மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். எண்ணெயைத் தள்ளுவது மின்சாரம் அல்ல, ஸ்பிரிங். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஸ்பிரிங்குக்கு எதிர்ப்பு இருந்தால் பிளஞ்சர் மெதுவாகத் திரும்பும், தட்டல் மெதுவாகும். எதிர்ப்பே இல்லாமல் காற்றைத் தள்ளினால் தட்டல் படபடவென்று ஓடும்.

நல்ல நிலையில் இருக்கும் படகில், இன்ஜின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடும்போது, முதலில் சற்று வேகமாகத் தட்டி, சில நொடிகளில் அழுத்தம் ஏறியதும் மெதுவாகி, ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். இன்ஜின் ஓடும்போது எண்ணெய் செலவாவதால் சீரான ஒரு தாளத்தில் தட்டும்.

ஆனால் மெதுவான தட்டல் எப்போதும் நல்ல சேதி அல்ல. உறிஞ்சும் பக்கம் அடைத்திருந்தாலும் ஸ்பிரிங்குக்கு எதிர்ப்பு வரும், தட்டல் மெதுவாகும். அழுத்தம் ஏறியதால் மெதுவானதா, அடைப்பால் மெதுவானதா என்று பிரித்தறிவதுதான் இந்த வேலையின் பாதி.

தொடங்கும் முன்

படகின் அடியில் சேரும் நீரை வெளியே தள்ளும் பில்ஜ் பம்பின் தானியங்கி ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். கீழே சிந்தும் டீசலை அது கடலுக்குள் தள்ளிவிடும். எண்ணெய்ப் படலம் தெரியும்படி நீரில் டீசலை விடுவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம்; சட்டம் இல்லாத இடத்திலும் செய்யக்கூடாத காரியம். இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் உறிஞ்சும் விரிப்பைப் போடுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை இதைவிட முக்கியம். எண்ணெய் வராத இன்ஜினைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரால் சுற்றினால், இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பும் கூடவே சுற்றி, புகைக்குழாயில் உள்ள மஃப்ளரில் நீரை நிரப்பும். அதை வெளியே தள்ளப் புகை அழுத்தம் இல்லாததால் நீர் பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் போய்விடும். எண்ணெய்ப் பாதையில் காற்று அடைத்துக்கொள்ளும் சாதாரண ஏர் லாக் தொல்லை, இன்ஜினையே பிரித்து வேலை செய்யும் செலவாக மாறுவது இப்படித்தான். அதனால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள். ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம். இன்ஜின் பிடித்த உடனே வால்வைத் திறந்துவிட வேண்டும். மறக்காமலிருக்க, வால்வை மூடியதும் சாவியில் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள்.

பம்பை மட்டும் தனியாக ஓட்ட ஒரு வழி வேண்டும். பழைய யுனிவர்சல் வயரிங்கில் பம்புக்கான மின்சாரம் க்ளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) பொத்தான் வழியாகவோ, ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாகவோ வரும். பம்பைக் கேட்பதற்காக அந்தப் பொத்தானை நிமிடக்கணக்கில் அழுத்திப் பிடித்தால் க்ளோ பிளக் கருகிவிடும். பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஒரு தனி வயரை பம்பின் பாசிட்டிவ் முனைக்கு இழுத்துக்கொள்ளுங்கள். சோதனை நேரத்தில் பம்பின் பழைய வயரைக் கழற்றி, முனையை டேப் சுற்றி வையுங்கள்.

முதல் சோதனை: பிளீட் ஸ்குரூ

வேறு எதையும் கழற்றும் முன் இதைச் செய்துவிடுங்கள். எம்-25 வகையில் இன்ஜெக்‌ஷன் பம்பின் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் பம்ப்) மேல் கையால் திருகும் ஒரு பிளீட் ஸ்குரூ, அதாவது காற்றை வெளியேற்றும் திருகு, இருக்கும். அதைத் திறந்தால் எண்ணெயும் காற்றும் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டேங்குக்குத் திரும்பும். அந்த ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள்.

ஸ்குரூவை மூடி வைத்து பம்பை ஓட்டுங்கள். அரை நிமிடத்துக்குள் தட்டல் மெதுவாகிறதா என்று கேளுங்கள். பிறகு ஸ்குரூவை ஒன்றிரண்டு சுற்று திறங்கள்.

மூடியபோது மெதுவாகி, திறந்ததும் சட்டென்று வேகமெடுத்து, பாட்டிலில் குமிழி இல்லாமல் எண்ணெய் கொட்டினால் பம்பும் பாதையும் நன்றாக இருக்கின்றன. மூடியபோதும் மெதுவாகி, திறந்தபோதும் அதே மந்தமான தட்டல், பாட்டிலில் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது என்றால் உறிஞ்சும் பக்கம் அடைப்பு. மூடினாலும் தட்டல் குறையாமல் ஓடி, பாட்டிலில் நுரையும் குமிழியுமாக வந்தால் காற்று எடுக்கிறது. குமிழியே இல்லை, ஆனாலும் தட்டல் குறையவில்லை என்றால் பம்பின் உள்வால்வு மூடவில்லை, அல்லது பம்புக்கும் இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் இடையில் எங்கோ ஒழுகுகிறது. பின்னதாக இருந்தால் வெள்ளைக் காகிதத்தை ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அழுத்தம் உள்ள பக்கம் எண்ணெய் வெளியே வரும். உறிஞ்சும் பக்கம் காற்று உள்ளே போகும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. அதனால்தான் இரண்டாவதைக் கண்டுபிடிக்க இத்தனை பாடு.

மின்சாரம்

தட்டலே இல்லை, அல்லது உறுமல் மாதிரி பலவீனமான ஓசை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். தனி வயரை எடுத்து, பழைய வயரைத் திரும்ப மாட்டி, பம்புக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போது, பம்பின் இரண்டு முனைகளிலேயே அளக்க வேண்டும். பேட்டரியில் உள்ளதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிங்கில் தவறு. பம்பை நிறுத்திவிட்டு அளந்தால் துருப்பிடித்த இணைப்பும் முழு 12.6 வோல்ட் காட்டி ஏமாற்றும்.

யுனிவர்சல் இன்ஜின்களில் முதலில் பார்க்க வேண்டியது வயர் கொத்தின் நடுவே உள்ள பிளாஸ்டிக் பிளக் இணைப்புகளை. பச்சை பூத்து, சூட்டில் கருகி நிற்கும். அவற்றை வெட்டி எடுத்துவிட்டு டெர்மினல் கட்டையில் நேரடியாக இணைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. அடுத்தது எர்த். சில பம்புகள் தங்கள் உடல் வழியாகவே எர்த் எடுப்பவை. சத்தத்தைக் குறைக்க யாராவது அவற்றை ரப்பர் மேல் மாட்டியிருந்தால் எர்த் அறுந்துபோகும். தனி எர்த் வயர் ஒன்று கொடுத்தால் தீர்ந்தது.

கேன் சோதனை

காற்றோ அடைப்போ, அது டேங்குக்கும் பம்புக்கும் இடையில் உள்ள எத்தனையோ இணைப்புகளில் எங்கும் இருக்கலாம். ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்ப்பதைவிட, பாதையைப் பாதியாகப் பிரித்துச் சோதிப்பது மேல்.

5 லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுங்கள். பம்பின் நுழைவாயில் ஹோஸைக் கழற்றி, அங்கே ஒரு புதிய ஹோஸை மாட்டி, மறுமுனையைக் கேனின் அடிவரை இறக்குங்கள். இந்த ஹோஸ் உள்ளே தெரியும்படி இருந்தால் குமிழியைக் கண்ணால் பார்க்கலாம். சோதனைக்கு மட்டும், கடலுக்குப் போகும்போது அது இருக்கக்கூடாது. ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விடுங்கள். இப்போது பிளீட் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

தட்டல் சரியாகிவிட்டதா? பம்ப் குற்றமற்றது. கோளாறு டேங்குப் பக்கம். இனி கேன் ஹோஸை ரேக்கார் ஃபில்டரின் (டேங்குக்கும் பம்புக்கும் இடையில் அழுக்கையும் நீரையும் பிரிக்கும் ஃபில்டர்) நுழைவாயிலுக்கு மாற்றுங்கள். அங்கேயும் சரியாக இருந்தால் ஃபில்டரும் தப்பித்தது. மிச்சம் டேங்கும் அதிலிருந்து வரும் ஹோஸும்தான். ஃபில்டரைச் சேர்த்ததும் கெட்டுப்போனால் ஆள் அதுதான்.

கேனில் நேரடியாக மாட்டியும் தட்டல் திருந்தவில்லை என்றால், அப்போதுதான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொரு உபாயம்: கேனைப் பம்பைவிட உயரமாகத் தூக்கி வைத்தால் உறிஞ்சும் பக்கத்திலும் எண்ணெயின் எடை அழுத்தும். காற்று எடுத்துக்கொண்டிருந்த இணைப்பில் இப்போது டீசல் கசியும். காகிதத்தால் துடைத்துத் துடைத்துப் பாருங்கள்.

காற்று எடுக்கும் இடங்கள்

ரேக்கார் 500 வகையில் மூடியின் ரப்பர் வளையமும், டி வடிவக் கைப்பிடியின் கீழுள்ள சின்ன ஓ-ரிங்கும்தான் முதல் சந்தேகம். புதிய எலிமென்ட்டோடு (ஃபில்டருக்குள் மாற்றும் வடிகட்டி) இரண்டும் புதிதாகவே வரும். பழையது நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடுவதுதான் தவறு. அடுத்தது ஃபில்டரின் அடியில் உள்ள நீர் வடிக்கும் வால்வு. பிறகு ஹோஸ் முனைகள்: வயதான ரப்பர் இறுகி, கிளாம்ப் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. முனையில் ஒரு அங்குலம் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டினால் சில சமயம் போதும். மாற்றுவதென்றால் ஐஎஸ்ஓ 7840 அல்லது ஏ1 என்று அச்சிட்ட எரிபொருள் ஹோஸ் மட்டுமே. செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

திருகு இணைப்புகளில் வெள்ளை டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். அதன் துணுக்கு பிய்ந்து போய் பம்பின் வால்வில் சிக்கிக்கொள்ளும். டீசலைத் தாங்கும் திரவ சீலன்ட் பூசுங்கள்; முதல் இரண்டு புரியை விட்டுவிட்டு.

கோளாறு ஒன்றுமில்லாமலேயே காற்று வருவதும் உண்டு. டேங்கில் கால்வாசிதான் எண்ணெய், படகு ஒருபக்கம் சாய்ந்து ஓடுகிறது, அலை குலுக்குகிறது என்றால் உறிஞ்சு குழாயின் வாய் எண்ணெய்க்கு மேலே வந்துவிடும். தட்டல் விட்டுவிட்டு வேகமெடுத்தால் முதலில் டேங்கின் அளவைப் பாருங்கள்.

அடைப்புகள்

டீசலுக்கு அடியில் நீர் தங்கினால், அந்த எல்லையில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுப்புச் சளியாகப் படியும். துறையில் கட்டியிருக்கும்போது அது டேங்கின் அடியிலேயே கிடக்கும், இன்ஜின் மணிக்கணக்கில் ஓடும். அலையில் போனதும் கலங்கி எழுந்து பாதையை அடைக்கும். எம்-25 பொருத்திய பல கேட்டலினா படகுகளில் டேங்கின் உறிஞ்சு குழாய் முனையில் ஒரு மெல்லிய வலை இருக்கும். சளி முதலில் ஒட்டுவது அங்கேதான். ரேக்கார் நல்ல நிலையில் இருந்தால் அந்த வலையை எடுத்துவிடலாம். அடைப்பை டேங்குக்குள் தேடுவதைவிட, கைக்கு எட்டும் ஃபில்டரில் பார்ப்பது எவ்வளவோ நல்லது.

எலிமென்ட் மாற்றியும் மந்தம் தீரவில்லை என்றால் ரேக்கார் 500-இன் உள்ளே இருக்கும் ஒருவழிப் பந்தைக் கழற்றிப் பாருங்கள். அங்கேயும் சளி அடைக்கும். உறிஞ்சும் விசையைக் காட்டும் ஒரு வேக்குவம் கேஜை ரேக்காரின் கைப்பிடி இடத்தில் மாட்டி வைத்தால் ஊகமே தேவையில்லை: புதிய எலிமென்ட்டில் முள் 0 முதல் 2 பாதரச அங்குலத்துக்குள் நிற்கும், 10-ஐ நெருங்கும் முன் மாற்றிவிட வேண்டும். முள் ஏறாமலேயே பம்ப் திணறினால் அடைப்பு கேஜுக்கும் பம்புக்கும் இடையில். பழைய ஹோஸின் உட்தோல் உரிந்து கதவு போல மூடிக்கொள்வதும் உண்டு. வெளியே தடவினால் தெரியாது, கழற்றி ஊதிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்ஜின் ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மட்டும் தட்டல் மாறிச் சோர்ந்து நின்றால் டேங்குக்குள் காற்று போய்வரும் வென்ட் குழாயைப் பாருங்கள். பூச்சி கூடு கட்டியிருக்கும், அல்லது உப்பு அடைத்திருக்கும். டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டால் சந்தேகமே இல்லை.

பம்பேதான் என்றால்

பம்பின் வெளிவாயில் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு, சரியாக ஒரு நிமிடம் ஓட்டுங்கள். 23 குதிரைத்திறன் உள்ள எம்-25எக்ஸ்பி சாதாரண ஓட்டத்தில் மணிக்கு 2 லிட்டர் அளவில்தான் குடிக்கும். நல்ல பம்ப் அதைவிடப் பல மடங்கு தரும். கேனில் நேரடியாக மாட்டியும் நிமிடத்துக்கு அரை லிட்டர்கூட வரவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

காலையில் மட்டும் நீண்ட நேரம் படபடத்து, பிறகு நாள் முழுக்கச் சரியாக ஓடினால், இரவில் எண்ணெய் டேங்குக்குத் திரும்ப இறங்கிவிடுகிறது. பம்பின் ஒருவழி வால்வில் தூசி, அல்லது ரேக்கார் மூடியில் மெல்லிய காற்றுக் கசிவு. மூடி வளையம் மலிவு, அதை முதலில் மாற்றிப் பாருங்கள்.

புதியது வாங்கும்போது வடிவம் ஒன்றாக இருப்பதால் ஏமாற வேண்டாம். ஒரே மாதிரி தோன்றும் சதுர பம்புகள் வெவ்வேறு அழுத்தங்களில் வருகின்றன. பழையதன் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அம்புக்குறி இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும். ரேக்கார் ஃபில்டர், பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தட்டல் தாளம் சரியாகத்தான் இருக்கிறது, சத்தம்தான் காதைத் துளைக்கிறது என்றால் அது பம்பை மாட்டியிருக்கும் பலகையின் வேலை. மெல்லிய ஃபைபர் சுவர் மேளம்போல முழங்கும். ரப்பர் வாஷர் வைத்து, எர்த் வயரைக் கவனித்து, பம்புக்கு இருபுறமும் ஒரு சாண் நீளம் வளையும் ஹோஸ் விட்டால் பெரிதும் அடங்கும்.

மூடும்போது

எல்லாம் மாட்டியதும் பிளீட் ஸ்குரூவைத் திறந்து ஒன்றிரண்டு நிமிடம் பம்பை ஓட்டி, குமிழி நின்றதும் மூடுங்கள். தட்டல் அடங்க வேண்டும். இன்ஜின் பிடிக்க மறுத்தால் இன்ஜெக்டர்களின் நட்டை 17 மிமீ ஸ்பானரால் அரைச் சுற்று தளர்த்தி, ஸ்டார்ட்டரால் சுற்றி, எண்ணெய் துப்பியதும் இறுக்குங்கள். துப்பும் எண்ணெய் தோலைத் துளைக்கும் அழுத்தத்தில் வரக்கூடும், கையை அருகே கொண்டுபோக வேண்டாம். ரிட்டர்ன் ஹோஸைப் பாட்டிலிலிருந்து எடுத்து அதன் இடத்தில் மாட்டியாயிற்றா, தனி வயரை எடுத்தாயிற்றா, கடல்நீர் வால்வு திறந்திருக்கிறதா, பில்ஜ் ஸ்விட்ச் திரும்பப் போட்டாயிற்றா என்று பாருங்கள். துறையில் கட்டியபடியே கியரில் போட்டு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, தொட்ட ஒவ்வொரு கிளாம்பையும் இன்னொரு முறை இறுக்குங்கள்.